கடவுள் இல்லாதவர் வீட்டு கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால், பிரிட்டனில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடும். 'கடவுளே கிடையாதுங்கறே. அப்புறம் உனக்கெதுக்கு கிறிஸ்துமஸ் கேக்?'

கேட்பவர் கிண்டலாகத்தான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவருக்கோ அது முழுக் கிண்டலாக இருப்பதில்லை. அம்மா காலையிலிருந்து நின்று சமைத்த வான்கோழி ரோஸ்ட் மேஜைக்கு வந்துவிட்டது. அப்பா ஜெபம் சொல்லத் தயாராகிறார். எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். தானும் மூடுவதா, சும்மா தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? ஸ்கூல் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம் போட்ட ஐந்து வயது மகள், 'அந்தக் குட்டிப் பாப்பா நிஜமாவே சாமியாப்பா?' என்று கேட்டால் தாத்தா பாட்டி எதிரில் என்ன சொல்வது?

யாரோ நாலு பேருக்கு மட்டும் வரும் சங்கடம் இல்லை இது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 37.2 சதவிகிதம் பேர் 'எந்த மதமும் இல்லை' என்று குறித்தார்கள். தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவிகிதம். பாதிக்கும் கீழே போனது அதுவே முதல்முறை. அதற்காக டிசம்பரில் லண்டன் தெருக்களின் விளக்கு அலங்காரம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 'பியூ' ஆய்வு மையம் 2013-ல் கேட்டபோது, கிறிஸ்தவர் அல்லாதவர்களிலேயே பத்துக்கு எட்டுப் பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள்.

ஆக, கொண்டாடுகிறார்களா என்பது எப்போதோ முடிந்துபோன கேள்வி. எப்படிக் கொண்டாடுகிறார்கள், எதை வைத்துக்கொண்டு எதை விடுகிறார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. அதற்கு ஒரு பஸ் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பஸ்ஸில் ஆரம்பித்தது

2008 ஜூன் மாதம். ஏரியன் ஷெரின் என்ற இளம் காமெடி எழுத்தாளர் லண்டன் பஸ் ஒன்றில் கிறிஸ்தவ விளம்பரம் ஒன்றைப் பார்க்கிறார். அதிலிருந்த இணையதளத்துக்குப் போனால், நம்பாதவர்களுக்கு நரகத்தில் நித்திய தண்டனை காத்திருப்பதாக எழுதியிருக்கிறது. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை, கொடி பிடிக்கவில்லை. 'நாமும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மனசுக்குத் தெம்பு தருகிற மாதிரி ஒரு பஸ் விளம்பரம் கொடுத்தால் என்ன?' என்ற பொருளில் 'கார்டியன்' இணையப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்.

அக்டோபரில் வசூல் தொடங்கியது. இலக்கு 5,500 பவுண்டு. அதே தொகையைத் தானும் தருவதாக உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் சொல்லியிருந்தார். முதல் நாளே இலக்கு தாண்டி, கடைசியில் 1,50,000 பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. 2009 ஜனவரியில் பிரிட்டனின் 800 பஸ்களில் விளம்பரம் ஓடியது. 'கடவுள் அநேகமாக இல்லை, கவலையை விட்டுவிட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள்' என்பது அதன் சாரம்.

அந்த 'அநேகமாக' என்ற ஒற்றைச் சொல் பட்ட பாடு தனிக் கதை. ஏன் இந்த இழுவை என்று சில நாத்திகர்களுக்கே கோபம். டாக்கின்ஸ் இன்னும் அழுத்தமான வார்த்தையை விரும்பியிருந்தார். எதிர்த்தரப்போ, 'பார்த்தீர்களா, அவர்களுக்கே சந்தேகம்!' என்று சிரித்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புக்குப் புகார்கள் போயின. விதிமீறல் எதுவும் இல்லை என்று அது சொல்லிவிட்டது.

அதே ஆண்டின் கடைசியில் ஷெரின் இன்னொரு வேலை செய்தார். 'நாத்திகர்களுக்கான கிறிஸ்துமஸ் வழிகாட்டி' என்ற தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். 42 பேர் எழுதினார்கள். இயற்பியலாளர் பிரையன் காக்ஸ், அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், டாக்கின்ஸ், மேஜிக் நிபுணர் டெரன் பிரவுன் என்று கலவையான கூட்டம். ராயல்டி முழுவதும் எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்காக உழைக்கும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. பஸ் விளம்பரத்தைவிட இந்தப் புத்தகம்தான் புத்திசாலித்தனமான காரியம். பஸ்ஸில் இருந்தது எதிர்வாதம். புத்தகத்தில் இருந்தது விருந்து.

ஷெரினுக்கு முன்பே மேடையில் இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. 'நாத்திகர்கள் கிறிஸ்துமஸையே ஒழிக்கப் பார்க்கிறார்கள்' என்ற பேச்சு பிரிட்டனில் வருஷா வருஷம் கிளம்பும். அதைக் கேட்டுச் சலித்துப்போன ஸ்டாண்ட்-அப் காமெடியன் ராபின் இன்ஸ், 2008 டிசம்பரில் லண்டனில் 'கடவுளற்றோருக்கான ஒன்பது பாடங்களும் கேரல்களும்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். விஞ்ஞானிகள் வந்து பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசினார்கள். காமெடியன்கள் சிரிக்க வைத்தார்கள். பாட்டும் இருந்தது.

அந்தத் தலைப்பே ஒரு கடன்தான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தில் 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 'ஒன்பது பாடங்களும் கேரல்களும்' ஆராதனை நடக்கிறது. முதல் உலகப் போரில் ராணுவப் பாதிரியாராக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட், போரில் நொந்துபோன மனிதர்களுக்காகத் தொடங்கியது அது. 1928 முதல் பி.பி.சி. ரேடியோவில் ஒலிபரப்பாகிறது. ஒரு சிறுவன் துணையின்றித் தனியாகப் பாடித் தொடங்கும் அந்த முதல் பாட்டுக்காக, சர்ச் பக்கமே போகாதவர்கள்கூட ரேடியோவைத் திருப்பிவைக்கிறார்கள். மில்னர்-ஒயிட்டும் இதைத் தானாக உருவாக்கிவிடவில்லை. 1880-ல் ட்ரூரோ ஊரில், கதீட்ரல் கட்டி முடியாததால் மரக் கொட்டகையில் நடந்த ஆராதனைதான் அவருக்கு மாதிரி. கடன் வாங்குவது கிறிஸ்துமஸில் புதிதில்லை.

தடை போட்டவர்கள் யார்?

'நாத்திகர்கள் கிறிஸ்துமஸை ஒழிப்பார்கள்' என்ற பயத்துக்கு வரலாறு ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸை நிஜமாகவே தடை செய்தவர்கள் பழுத்த பக்திமான்கள். பியூரிட்டன்கள் கையில் இருந்த பாராளுமன்றம் 1647-ல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளை ரத்து செய்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிது. இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. பைபிளில் இல்லாத ஒரு நாளில் குடித்துக் கும்மாளமிட்டுவிட்டு அதைப் பக்தி என்று சொல்லக் கூடாது.

அந்த வருஷ டிசம்பர் 25-ம் தேதி கேன்டர்பரியில் கலவரமே வெடித்தது. கடையைத் திறந்து வைத்த வியாபாரிகளை மக்கள் தாக்கினார்கள். அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம், மாசசூசெட்ஸில் 1659-ல் வந்த சட்டம் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றது. 1681 வரை அது அமலில் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958-ல்தான்.

நாத்திக அரசு தடை போட்ட கதையும் இல்லாமல் இல்லை. சோவியத் யூனியன் கிறிஸ்துமஸையும் அதன் மரத்தையும் துரத்தியது. ஆனால், 1935 கடைசியில் மரம் திரும்பி வந்துவிட்டது, புத்தாண்டு மரம் என்ற புதுப் பெயரோடு, உச்சியில் சிவப்பு நட்சத்திரத்தோடு! பரிசு மூட்டை தூக்கிவரும் பனித் தாத்தாவும் வந்துவிட்டார். குழந்தைகளுக்குத் தந்த ஒரு சந்தோஷத்தைத் திரும்பப் பிடுங்குவது எந்த அரசுக்கும் லேசில்லை.

மெழுகுவத்தியும் விஞ்ஞானியும்

பிரிட்டனில் மதம் சாராத குடும்பங்களும் ஒவ்வொரு டிசம்பரிலும் டி.வி.யில் தேடிப் பார்ப்பது ராயல் இன்ஸ்டிட்யூஷன் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை. 1825-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நின்றது தவிர, இன்றுவரை தொடர்கிறது. சிறுவர் சிறுமியரை முன்னால் உட்காரவைத்து, மேஜை மேலேயே சோதனை செய்து காட்டுவார்கள். கார்ல் சேகன் 1977-ல் கோள்களைப் பற்றிப் பேசினார். டாக்கின்ஸ் 1991-ல் பரிணாமத்தைப் பற்றிப் பேசினார். அறிவியல்காரர்களின் கிறிஸ்துமஸ் என்று ஒன்று இருந்தால், அது இதுதான்.

இந்த மேடையை இவ்வளவு பெரிதாக்கியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புக் பைண்டிங் கடையில் வேலை பழகிய பையன், பிறகு மின்சார உலகத்தையே மாற்றியவர். 19 முறை கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசை நடத்தியிருக்கிறார். கடைசி முறை நடத்தியது 1860 டிசம்பரில். எடுத்துக்கொண்ட பொருள், ஒரு சாதாரண மெழுகுவத்தி. அது ஏன் எரிகிறது, உருகிய மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது, எரிந்தபின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஆறு நாள் பேச்சு. நாம் மூச்சுவிடும்போது உடம்புக்குள் நடப்பதும் மெழுகுவத்தி எரியும்போது நடப்பதும் ஒரே மாதிரியான வேதிவினை என்பதில் கொண்டுவந்து முடித்தார்.

அதே 1860 ஜூனில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் டார்வின் கொள்கை பற்றி பிஷப் வில்பர்ஃபோர்ஸும் தாமஸ் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டார்கள். 'அறிவியலா, மதமா' என்று இன்றும் பேசுபவர்கள் முதலில் எடுப்பது அந்த மோதலைத்தான். ஆறு மாதம் கழித்து லண்டனில் ஒரு மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முதியவரை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஃபாரடே, சாண்டிமேனியன் என்ற சின்னஞ்சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அதில் மூப்பராகவும் இருந்தவர். பைபிளை வரிக்கு வரி நம்பியவர். ஆனால், சாதாரண அறிவுக்கும் மத நம்பிக்கைக்கும் நடுவே முழுக் கோடு போட்டுவிட்டதாக 1854-ல் ஒரு சொற்பொழிவில் வெளிப்படையாகச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஜெபம் இல்லை, ஆலயத்தில் சோதனை இல்லை. அது சரியான வழியா, தப்பித்துக்கொள்ளும் வழியா என்று வாதாடலாம். ஆனால், நாத்திகப் பெற்றோர் இன்று தங்கள் பிள்ளைக்குக் காட்டும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, ஒரு பக்திமான் வளர்த்தெடுத்தது.

ஐசக் நியூட்டன் விஷயத்திலும் இந்த வேடிக்கை உண்டு. அவர் பிறந்தது 1642 டிசம்பர் 25. அதனால் சில அறிவியல் ரசிகர்கள் அன்றைக்கு 'நியூட்டன்மஸ்' கொண்டாடுகிறார்கள். அமெரிக்க வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் 2014 கிறிஸ்துமஸ் அன்று ட்விட்டரில், இந்த நாளில் பிறந்து உலகை மாற்றிய குழந்தை என்று நீட்டி முழக்கி, கடைசியில் நியூட்டனுக்கு வாழ்த்துச் சொன்னார். ஆத்திரப்பட்டவர்கள் ஆயிரம் பேர், ரசித்தவர்கள் ஆயிரம் பேர். இன்றைய காலண்டர்படி பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அதைவிட முக்கியம், நியூட்டன் பைபிள் ஆராய்ச்சியில் மூழ்கிக் கட்டுக்கட்டாக எழுதி வைத்தவர். நாத்திகப் பண்டிகைக்கு அவரை நாயகனாக்கினால் முதலில் முகம் சுளிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

நிலாவிலிருந்து வந்த குரல்

ஃபாரடே போட்ட கோட்டை நூறு வருஷம் கழித்து ஒரு விண்கலம் தாண்டியது. 1968 டிசம்பர் 24. அப்போலோ 8 நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிலாவுக்கு மனிதர்கள் போனது அதுவே முதல்முறை. உள்ளே ஃபிராங்க் போர்மன், ஜிம் லோவெல், பில் ஆண்டர்ஸ். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருஷம், வியட்நாம் எரிந்துகொண்டிருந்த வருஷம். அன்றிரவு நேரலையில் உலகத்துக்கு என்ன சொல்வது என்று போர்மனுக்குத் தெரியவில்லை. நண்பருக்கு நண்பராகக் கேட்டுப் போனதில், ஒரு நிருபரின் மனைவி சொன்ன யோசனை, பைபிளின் முதல் பக்கம். மூவரும் ஆதியாகமத்தின் முதல் பத்து வசனங்களை மாறி மாறி வாசித்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். பலர் அழுதார்கள்.

அமெரிக்க நாத்திகர்களின் முகமாக இருந்த மேடலின் மர்ரி ஓ'ஹேர் அழவில்லை. வழக்குப் போட்டார். அரசாங்கச் சம்பளத்தில் போனவர்கள் மத நூல் வாசிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். வழக்கு தள்ளுபடியானது. ஆனால், நாசா ஜாக்கிரதையானது. அடுத்த வருஷம் நிலாவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், கலத்துக்குள் நற்கருணை எடுத்துக்கொண்டதை அப்போது வானொலியில் சொல்லவில்லை.

ஓ'ஹேர் சொன்ன சட்டக் கருத்தைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயக் கூடாது என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால், அந்த இரவை அவர் கேட்ட விதம் வேறு, உலகம் கேட்ட விதம் வேறு. அன்றைக்கு ஆதியாகமத்தை வாசிக்கத் தொடங்கிய பில் ஆண்டர்ஸ்தான், அதே நாளில், நிலாவின் விளிம்புக்கு மேல் நீலப் பூமி எழும்பும் அந்தப் புகழ்பெற்ற படத்தையும் எடுத்தவர். கத்தோலிக்கராக வளர்ந்த ஆண்டர்ஸ், இருட்டு வெளியில் பூமி அவ்வளவு சின்னதாகத் தெரிந்த அந்தக் காட்சிதான் தன் மத நம்பிக்கையை ஆட்டிவிட்டது என்று பின்னாளில் சொன்னார். ஒரே மனிதர், ஒரே கிறிஸ்துமஸ். இந்தக் கதையை எந்த அணியாலும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை.

'வேர் வேண்டாம், பழம் வேண்டுமா?'

நம்பாதவர்களின் கிறிஸ்துமஸை ஏற்காதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். டாக்கின்ஸ் தன்னைக் 'கலாசாரக் கிறிஸ்தவர்' என்று 2007-லேயே சொன்னவர். கேரல் பாடப் பிடிக்கும் என்பார். 2024-ல் ஒரு ரேடியோ பேட்டியில் அதையே திரும்பச் சொன்னார். மக்கள் நம்பிக்கை குறைவதில் சந்தோஷம், ஆனால் கதீட்ரல்களும் பாடல்களும் போய்விடக் கூடாது என்றார். கிறிஸ்தவர்கள் பலர் பிடித்துக்கொண்டார்கள். வேரை வெட்டிவிட்டுப் பழம் மட்டும் கேட்கிறாரே! அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லோரும் ரசிகர்களாகிவிட்டால் பாடகர் குழுவில் யார் நிற்பது, கூரையை யார் செப்பனிடுவது?

இன்னொரு பக்கம் டாம் ஃபிளின். அமெரிக்காவின் 'ஃப்ரீ இன்கொயரி' பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், 2021-ல் காலமானார். கிறிஸ்துமஸே வேண்டாம் என்று 1993-ல் புத்தகமே எழுதினார். மரம், பரிசு எதுவும் கிடையாது. டிசம்பர் 25 அன்று ஆபீஸுக்குப் போய் வேலை பார்ப்பார். நாத்திகர்கள் பதிலுக்கு ஒரு பண்டிகையைத் தைத்து மாட்டிக்கொள்வதும் அவருக்குப் பிடிக்காது. நியூ ஜெர்சி மனிதநேயர்கள் 2001-ல் டிசம்பர் 23-க்கு 'ஹியூமன்லைட்' என்ற விழாவைத் தொடங்கியது போன்ற முயற்சிகளைச் சொல்கிறார். ஃபிளினின் நேர்மைக்குத் தலைவணங்கலாம். ஆனால், அவர் வழியில் போக எல்லோருக்கும் தனி ஆபீஸ் சாவி இருப்பதில்லை. வீட்டில் அம்மா இருக்கிறார்.

அந்த அம்மாவையும் அப்பாவையும் நேராகப் பார்த்து எழுதிய பாட்டு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இசைக் காமெடியன் டிம் மின்சின் 2009-ல் வெளியிட்டது. நம்பாதவர்கள் பலரின் வீட்டில் இன்று அதுதான் கிறிஸ்துமஸ் பாட்டு. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் பனி கிடையாது, வெயில். அந்த வெயிலில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒயின் குடிப்பதுதான் அவருக்குப் பண்டிகை. முதல் பாதியில் தனக்கு எதெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். பிறகு கைக்குழந்தையாக இருக்கும் மகளிடம் பேச ஆரம்பிக்கிறார். எங்கே போனாலும், எத்தனை வயதானாலும், உனக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் இவர்கள்தான் என்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அந்த இடத்தில் அமைதியாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் சீசனில் அந்தப் பாட்டு விற்ற பணத்தை ஆட்டிசம் அமைப்புகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடுவதா வேண்டாமா என்ற பழைய கேள்விக்கு அந்தப் பாட்டில் ஒருவிதமான பதில் இருக்கிறது. தன் நம்பிக்கையின்மையை ஒளிக்க வேண்டியதில்லை, அதை மேஜை மேல் தூக்கிப் போட்டு உடைக்கவும் வேண்டியதில்லை. அப்பா ஜெபம் சொல்லும்போது தலையைக் குனிந்து அமைதியாக இருப்பது பொய் ஆகாது. அது அப்பாவுக்குக் கொடுக்கும் மரியாதை. மகள் கேட்டால், 'தாத்தா அப்படி நம்புறாரு, அப்பா நம்பலை, நீ பெரியவளாகி யோசிச்சுக்கோ' என்பதும் பொய் ஆகாது. அதைத் தாத்தா எதிரில் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு, வீடற்றவர்களுக்காக 'கிரைசிஸ்' அமைப்பு லண்டனில் வருஷா வருஷம் நடத்தும் கிறிஸ்துமஸ் முகாமுக்குப் பரிமாறப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே நம்பிக்கை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. உருளைக்கிழங்கு உரிக்க ஆள் தேவை, அவ்வளவுதான்.

ராபின் இன்ஸின் நிகழ்ச்சி அதன் பிறகும் பல டிசம்பர்களில் நடந்தது. விஞ்ஞானிகள், காமெடியன்கள், பாட்டு எல்லாம் அப்படியே. தலைப்பில் மட்டும் ஒரு சொல் மாறிவிட்டது. 'கடவுளற்றோருக்கான' என்பதை எடுத்துவிட்டு, 'அறியும் ஆவல் உள்ளோருக்கான ஒன்பது பாடங்களும் கேரல்களும்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.